மாமனார் வீட்டு மர பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாமனார் வீட்டைக் காலி செய்தபோது மூன்று மரச்சாமான்கள் உங்களிடம் வந்திருக்கின்றன. 1970களில் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்த இரட்டைக் கதவு மர பீரோ, 1990களில் கடையில் வாங்கிய ஷோகேஸ், மாமனார் தினமும் பேப்பர் படித்த சாய்வு நாற்காலி. மூன்றும் கறுப்பை ஒட்டிய அடர் பழுப்பு. உங்களுடையது சின்ன ஃபிளாட், வெளிர் நிறச் சுவர். மூன்றுக்கும் வெள்ளையோ கடல்பச்சையோ அடித்தால் கூடம் வெளிச்சமாகும் என்று நினைக்கிறீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், சாக் பெயிண்ட் வாங்கி அப்படியே அடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பாலிஷும் பெயிண்டுமாக மரச்சாமான் வேலையில் 28 வருடமாக இருக்கிறேன். ஷோகேஸுக்குத் தயங்காமல் அடியுங்கள். நாற்காலிக்கு யோசித்து அடியுங்கள். பீரோ தேக்கு என்றால், பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்வதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

தேக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வளையம் வளையமாகப் பொடித் துளைகள் தெரியும். பலகையாக இழைக்கும்போது அந்தத் துளைகள்தான் நீளக் கோடுகளாக, ரேகையாகத் தெரிகின்றன. பெயிண்ட் அடித்தால் அது மேலே மட்டும் படியாது, அந்தக் கோடுகளுக்குள் இறங்கி இறுகிவிடும். பத்து வருடம் கழித்து மகளோ மருமகளோ பழைய மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு பெயிண்டைச் சுரண்டினால் மேல்பூச்சு வரும், கோடுகளுக்குள் இருக்கும் வெள்ளை வராது. இழைப்புளி போட்டுச் சீவினால்தான் போகும். சீவினால் ஓரத்து வேலைப்பாடும் கதவின் கனமும் போய்விடும். இப்படி மூன்று பீரோக்கள் என்னிடம் வந்திருக்கின்றன. மூன்றிலும் பாதிதான் மீட்க முடிந்தது. வருத்தத்தோடுதான் திருப்பி அனுப்பினேன்.

பெயிண்ட் அடித்த மரச்சாமான் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. சுவீடனில் மூன்றாம் குஸ்டாவ் மன்னர் காலத்தில், அதாவது 1771 முதல் 1792 வரை, வெளிர் சாம்பலும் வெள்ளையும் பூசிய நாற்காலிகளும் அலமாரிகளும் ஒரு பாணியாகவே வளர்ந்தன. இன்று படங்களில் பார்த்து நாம் ஆசைப்படும் அந்த வெளிர் அழகுக்குப் பெரும்பாலும் அதுதான் ஊற்று. ஆனால் அங்கே பைன், பிர்ச் போன்ற சாதாரண மரத்தில் செய்தார்கள். செய்யும்போதே பெயிண்டுக்கு என்று திட்டமிட்டுச் செய்தார்கள். நீண்ட குளிர்காலத்தில் வீட்டுக்குள் வரும் கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வெளிர் நிறம் உதவியது. அந்தச் சாமான் பெயிண்டோடு பிறந்தது. உங்கள் மாமனார் வீட்டு பீரோவைச் செய்த ஆசாரி, கதவு இரண்டிலும் ரேகை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பலகையைத் தேடி எடுத்திருப்பார். கதவுகளை மூடிவிட்டு ஒருமுறை நின்று பாருங்கள், தெரியும்.

ஆகவே முதலில் மரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே சாயம் கலந்த பாலிஷ் ஏறியிருக்கும். டிராயரை வெளியே உருவி, அதன் முன்பலகையின் அடி விளிம்பில் ஒரு ஓரத்தை 120ஆம் நம்பர் உப்புத்தாளால் ரூபாய் நாணய அளவுக்குத் தேயுங்கள். தேன் நிறம், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, தேய்த்த தூளில் தோல் போன்ற ஒரு வாசம் இருந்தால் தேக்கு. ஊதா கலந்த பழுப்பில் கரும் வரிகள், கைக்கு நல்ல கனம், இனிமையான மணம் என்றால் ஈட்டி, சில ஊர்களில் தோதகத்தி என்பார்கள். ஈட்டியாக இருந்தால் பெயிண்ட் பேச்சையே விடுங்கள். அந்த மரத்தின் இனம் முழுவதையும் 2017 ஜனவரியிலிருந்து உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பலகை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது. மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்து, ஈரத்துணி வைத்தால் துணியில் சாயம் இறங்கினால் வேங்கையாக இருக்கலாம். ரேகை பலகையின் விளிம்பில் சட்டென்று நின்று, விளிம்பில் அடுக்கடுக்கான கோடு தெரிந்தால் அது பிளைவுட், மேலே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய மரத்தோல். அதை அழுத்தித் தேய்த்தால் ஐந்தே நிமிடத்தில் ஓட்டை விழும், கவனம்.

இப்போது பீரோ தேக்கு என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது வெளிச்சம்தானே? அந்தக் கறுப்பு, மரத்தின் நிறமே இல்லை. பழைய நாளில் எல்லாவற்றையும் ஈட்டி மாதிரி காட்டுவதற்காகச் சாயம் கலந்து பாலிஷ் போடுவார்கள். அதன்மேல் ஐம்பது வருடப் புகை, கைப்பிசுக்கு, விசேஷ நாளில் தேய்த்த எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் கீழே இருப்பது தேன் நிறம். கடல்பச்சைத் திரையும் வெளிர் சுவரும் இருக்கிற கூடத்தில் தேன் நிறத் தேக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கதவை மட்டும் செய்து பாருங்கள். பெயிண்டுக்கு என்று என்னிடம் வந்தவர்களில் பலர் அந்த ஒரு கதவைப் பார்த்ததும் மனம் மாறியிருக்கிறார்கள்.

எடுப்பது எப்படி என்பது பழைய பூச்சைப் பொறுத்தது. மறைவான இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பிசுபிசுவென்று இளகி, பஞ்சில் பழுப்பு ஏறினால் அது பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கு. 1970களின் பீரோ என்றால் பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷோ, பிற்காலத்தில் யாராவது போட்ட மெலமைன் பாலிஷோ, பி.யு. என்று சொல்லும் பாலியூரித்தேன் பூச்சோ. அரக்கு என்றால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரு அடிக்கு ஒரு அடியாக ஸ்பிரிட் நனைத்து, ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் ரேகைப் போக்கிலேயே துடைத்து எடுத்துக்கொண்டே வரலாம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். சமையலறை அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கட்டும், ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மட்டும் ஈர மரத்தில் போடாதீர்கள். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து மை கொட்டியது போலக் கறுப்புப் புள்ளி வைக்கும். காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றிக் கழுவும் பழக்கம் சிலரிடம் இன்னும் உண்டு. பெயிண்ட் வழண்டு வரும், உண்மைதான். ஆனால் மரம் கறுக்கும், மூட்டுகளின் பசையும் விட்டுப்போகும். அந்த யோசனை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மரம் வெளியே வந்ததும் 180, பிறகு 220 உப்புத்தாள் போட்டு மென்மையாக்கி, சாயம் கலக்காத அரக்கோ, மேட் (பளபளக்காத) பி.யு.வோ இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, பூசினால் போதும். வெளிர் நிறத்துக்கான உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ள பீரோவுக்கு உள்ளே இடம் இருக்கிறது. பின்பலகையும் தட்டுகளும் பெரும்பாலும் சாதாரண மரமோ பிளைவுட்டோதான். அவற்றுக்குக் கடல்பச்சை அடியுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் தேன் நிறத்துக்கு நடுவே அந்தப் பச்சை தெரியும். எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் பீரோவுக்கு வெளியேயும் பெயிண்ட்தான் வேண்டும் என்றால், உங்கள் வீடு, உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் செய்யுங்கள். மரத்துக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அரக்கால் ஒரு தடுப்பு போடுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 முதல் 250 கிராம் அரக்குச் செதிலைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கரைந்துவிடும், மறுநாள் வடிகட்டிக்கொள்ளலாம். பழைய பிரெஞ்சு பாலிஷ் நன்றாக ஒட்டியிருந்தால் அதை எடுக்கவே வேண்டாம், அழுக்கை நீக்கி அதன்மேல் இன்னும் இரண்டு கை போடுங்கள். மரத்தின் கோடுகள் அரக்கால் அடைபடும், பெயிண்ட் அதற்குமேல் நிற்கும். நாளைக்கு வேண்டாம் என்றால் பெயிண்டைச் சுரண்டிய பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால், கோடுகளில் மிச்சமிருப்பதும் அரக்கோடு சேர்ந்து பெருமளவு வந்துவிடும். தடுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேக்கின் எண்ணெய்ப் பசை எனாமலைக் காயவிடாது, நாலு நாள் ஆனாலும் விரல் ஒட்டும். ஈட்டியும் அப்படியே. அரக்கு அந்தப் பசையை மேலே வரவிடாது.

மரத்தின் துவர்ப்புச் சாறு பெயிண்டுக்குள் ஊறி வந்து வைக்கும் கறைக்கும் இதுதான் மருந்து. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வேங்கைப் புத்தக அலமாரியில். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஐப்பசி மழை. வாடிக்கையாளர் வெள்ளை கேட்டார். தண்ணீரில் கலக்கும் பெயிண்டை நேரடியாக அடித்தேன். முதல் நாள் பால் போல இருந்தது. மூன்றாம் நாள் மஞ்சள்பழுப்புத் திட்டுகள். மேலே இன்னொரு கை அடித்தேன், மறுபடி வந்தது. இன்னொரு கை, மறுபடியும். வேங்கை மரக் குவளையில் ஊற்றி வைத்த தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்டில் இருக்கும் தண்ணீருக்கும் அந்தச் சாறு அப்படித்தான் இறங்கி வருகிறது. கடைசியில் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, அரக்கு இரண்டு கை போட்டு, அதன்மேல் அடித்த பிறகே கறை நின்றது. தேக்கிலும் வெளிர் நிறம் அடித்தால் இந்தக் கறை வரும், வேங்கை அளவுக்கு இராது.

சாக் பெயிண்ட் பற்றிக் கேட்டீர்கள். 1990இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர் அந்தப் பெயரில் உருவாக்கியது அது. சுண்ணாம்புச் சுவர் போல மங்கலான பூச்சு, தூரிகைத் தடம் தெரிந்தாலும் அழகு, பெரும்பாலான பரப்புகளில் தேய்க்காமலே பிடிக்கும். இவை எல்லாம் உண்மை. ஆனால் பிடிப்பது வேறு, நிலைப்பது வேறு. மெலமைன் பாலிஷ் மேலும் சன்மைக்கா மேலும் தேய்க்காமல் அடித்தால் சாவிக்கொத்து பட்ட இடத்தில் செதிலாக உரியும். துவர்ப்புக் கறையை அது தடுக்காது. அதன்மேல் மெழுகு பூசச் சொல்வார்கள். சூடான காபி டம்ளரை வைத்தால் மெழுகு இளகி வட்டம் விழும். நம் ஊர் சித்திரை வெயிலில், ஜன்னல் ஓரத்து மேஜையில், அந்த மெழுகு தூசியைப் பிடித்துக்கொண்டு அழுக்காவதைப் பார்த்திருக்கிறேன். புகைப்படச் சட்டம், கண்ணாடிச் சட்டம், கை படாத மூலை ஸ்டாண்டு போன்றவற்றுக்கு வாங்குங்கள். தினமும் திறந்து மூடும் ஷோகேஸுக்கு அடித்தால், மெழுகுக்குப் பதிலாக தண்ணீரில் கலக்கும் மேட் பி.யு. இரண்டு கை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஷோகேஸ். இதில்தான் பெயிண்டின் முழு அருமையும் தெரியும்.

முதலில் சுவரை விட்டு நகர்த்திப் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. அந்தப் பலகையை மாற்றுங்கள், பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். ஊசித் துளைகளும் கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் வண்டு, அதைத்தான் உளுத்துவிட்டது என்கிறோம். துளைக்குள் மருந்தை ஊசியால் ஏற்றி, பொடியைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். புதிதாகப் பொடி விழவில்லை என்றால்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கால்பக்கம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தால் அது மரத்தூளை அழுத்திச் செய்த போர்டு. உப்பியது மறுபடி அமுங்காது. அந்தத் துண்டை மட்டும் அறுத்துவிட்டு மரச்சட்டம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிகளை உருவி எடுத்து, கீல், குமிழ், பூட்டு எல்லாவற்றையும் கழற்றி, எது எந்தக் கதவு என்று டேப்பில் எழுதி ஒட்டிவையுங்கள். கீலோடு சேர்த்து அடிப்பவர்கள் உண்டு. ஒரே மாதத்தில் கீல் ஓரத்தில் வெடிப்பு விழும். புது கைப்பிடி வாங்குவதாக இருந்தால் பழைய துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இப்போதைய கைப்பிடிகள் 64, 96, 128 மில்லிமீட்டர் இடைவெளியில் வருகின்றன, பழையவை அங்குலக் கணக்கு. பொருந்தவில்லை என்றால் பழைய துளையைப் பட்டி வைத்து அடைத்துப் புதிதாகத் துளை போடுங்கள். அது பெயிண்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

பிறகு கழுவுங்கள். இதைச் செய்யாமல் தேய்க்கத் தொடங்குபவர்கள்தான் அதிகம். பிசுக்கு இருக்கும்போது உப்புத்தாள் போட்டால் அந்தப் பிசுக்கை மரத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, மறுபடி வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பளபளக்க வைக்கும் ஸ்பிரே எதையாவது பல வருடம் அடித்திருந்தால் சோப்பு மட்டும் போதாது. அதில் சிலிக்கான் இருக்கும், பெயிண்ட் அந்த இடத்தில் வட்ட வட்டமாக விலகி நிற்கும். தின்னரில் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பி மாற்றுங்கள்.

தேய்ப்பது பழைய பூச்சை முழுக்க எடுப்பதற்கு இல்லை. பளபளப்பு செத்தால் போதும். பாலிஷ் போட்ட இடத்துக்கு 220, சன்மைக்காவுக்கு 150 அல்லது 180. சாய்த்துப் பார்க்கும்போது எந்த இடத்திலும் டியூப்லைட் மின்னக் கூடாது. சன்மைக்கா ஓரம் எழும்பியிருந்தால் ஃபெவிகால் விட்டுக் கல்லை வைத்து அழுத்தி ஒட்டுங்கள், முடியாத இடத்தை வெட்டி எடுத்துப் பட்டி பாருங்கள். பட்டி காய்ந்த பின் கொஞ்சம் அமுங்கும், அதனால் துளி மேடாகவே வைத்துப் பிறகு தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

சன்மைக்காவுக்குச் சாதாரண மர பிரைமர் நிற்காது. வழவழப்பான பரப்பிலும் ஒட்டும் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். ரெட் ஆக்ஸைடு இரும்புக்கு உரியது, அதைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். பிரைமர் அடித்து ஒரு நாள் காய்ந்த பிறகு, மறைவான இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு பிரைமர் வந்தால் மறுபடி தேய்த்தாக வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். செய்யாமல் விட்டால் மொத்த வேலையும் வீணாகலாம்.

பெயிண்டில் எனாமலா, தண்ணீரில் கலக்குவதா? பலர் எனாமல்தான் உறுதி என்பார்கள். உறுதியில் குறை இல்லை. வெள்ளைக்கு மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணெய் எனாமல் வெள்ளை வருடங்கள் போகப்போக மஞ்சளிக்கும். வெயில் படும் இடத்தை விட இருட்டில்தான் அதிகமாக மஞ்சளிக்கும், அதனால்தான் அலமாரியின் உள்பக்கமும் கதவின் பின்பக்கமும் முதலில் பழுக்கின்றன. வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் தண்ணீரில் கலக்கும் எனாமலோ பி.யு.வோ வாங்குங்கள். கடல்பச்சைக்கு எதுவானாலும் சரி. பளபளப்பில் சாட்டின், அதாவது நடுத்தரப் பளபளப்பு, எடுங்கள். முழுப் பளபளப்பு ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டும். பளபளப்பே இல்லாத மேட் பூச்சில் குழந்தையின் கைத்தடம் துடைத்தாலும் போகாது. ஷேடு கார்டைக் கடையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சின்ன டப்பா வாங்கி ஓர் அட்டையில் அடித்து, அந்தச் சாமான் நிற்கப்போகும் சுவரில் சாய்த்துவைத்து, பகலிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள்.

அளவு தெரிந்தால் பணம் மிச்சம். ஒரு லிட்டரில் இரண்டு கைக்கு ஏறக்குறைய 60 முதல் 80 சதுர அடி வரும். ஆறரை அடி உயரம், நாலு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள ஷோகேஸின் முன்பக்கமும் இரு பக்கவாட்டும் 45 சதுர அடிதான். வெளிப்பக்கத்துக்கு ஒரு லிட்டர் தாராளம். கடைக்காரர் நாலு லிட்டர் டப்பா மலிவு என்பார். மிச்சம் பரணில் காய்ந்து போகும்.

பெயிண்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். அகலமான இடத்துக்கு நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர், விளிம்புக்கும் வேலைப்பாட்டுக்கும் ஒன்றரை அங்குல பிரஷ். பிரஷ்ஷை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முக்காமல், கடைசி இழுப்பை ரேகைப் போக்கில் ஒரே ஓட்டமாக விடுங்கள். காயத் தொடங்கிய இடத்தில் திரும்பக் கை வைக்காதீர்கள். முதல் கை அடித்ததும் திட்டுத்திட்டாக, பார்க்கவே கவலையாக இருக்கும். அதைப் பார்த்துத் தடிமனாக அடித்துவிடாதீர்கள். மெல்லியதாக மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 320 உப்புத்தாளால் லேசான தடவல், ஈரத்துணித் துடைப்பு. கால்களின் அடிப்பாகத்துக்கும் ஒரு கை அடியுங்கள். யாருக்கும் தெரியாத இடம்தான், ஆனால் தினமும் வீடு துடைக்கும் தண்ணீரை மரம் அங்கேதான் குடிக்கிறது.

சாய்வு நாற்காலிக்கு வருகிறேன். உங்கள் மாமனார் தலைக்கு எண்ணெய் வைப்பவர் என்றால், தலை சாயும் இடமும் கை வைக்கும் இடமும் கறுத்து மினுமினுக்கும். முப்பது வருட எண்ணெய் அது. அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. சலவை சோடா கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் தின்னரில் இரண்டு முறை துடைத்து, பிறகு அரக்கு இரண்டு கை போட்டால்தான் கட்டுப்படும். சாதாரண மரம் என்றால் பெயிண்ட் அடியுங்கள். ஆனால் கைவைக்கும் கட்டைகளை மட்டும் மரமாகவே விட்டு, மற்றதற்கு நிறம் கொடுத்துப் பாருங்கள். கை உரசும் இடத்தில்தான் பெயிண்ட் முதலில் தேயும். அதோடு, அவர் கை பட்டு வழவழப்பான அந்தக் கட்டையை மூட எனக்கு மனம் வராது. பிரம்பு பின்னியிருந்தால் பிரம்புக்குப் பெயிண்ட் வேண்டாம், அசையும்போதெல்லாம் வெடித்து உதிரும்.

ஒரு எச்சரிக்கை. பீரோவின் உள்பக்கத்திலோ வேறு எங்காவதோ பழைய எனாமல் பூச்சு இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை) நனைத்துக்கொண்டே தேய்த்து, சேற்றைப் பேப்பரில் வழித்துக் கட்டி எறிந்து, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கக் கூடாது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்த வேலை வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அரக்கும் லாக்கரும் பால் படிந்தது போல வெளுக்கும், எனாமல் காயாது. ஆடிக் காற்றில் தூசி பறந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொலுப்படிக்கு நிறம் மாற்றக் கேட்டு வருபவர்களிடம், அடுத்த தையில் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஷோகேஸுக்கு ஒரு சனி ஞாயிறு போதாது. கழுவுவதிலிருந்து கடைசிக் கை வரை பத்து நாள் ஒதுக்குங்கள்.

கடைசிக் கை அடித்த மறுநாள் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே இறுகியிருக்காது. கதவுகளை ஒரு வாரம் திறந்தே வையுங்கள், மூடினால் பெயிண்டும் பெயிண்டும் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்ந்து வரும். டிராயர் ஓடும் தடத்துக்குப் பெயிண்டே வேண்டாம், மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். கனமான பொருள்களை மூன்று வாரம் கழித்து வையுங்கள். தட்டுகளில் பேப்பர் விரிக்கும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதற்கு ஒரு மாதமாவது பொறுங்கள். இல்லாவிட்டால் செய்தித்தாளின் எழுத்து புதுக் கடல்பச்சையில் தலைகீழாகப் பதிந்துவிடும், எடுக்க முடியாது.

பீரோ டிராயரின் அடியில் தேய்த்துப் பார்த்துவிட்டு என்ன நிறம் வந்தது, ஸ்பிரிட் பஞ்சு என்ன காட்டியது என்று எழுதுங்கள். அதற்கேற்ப அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.